எத்தனை சுற்று

வழக்கம்போல மாலை ஆறு மணிக்குக் கம்பத்து ஒலிபெருக்கிகளில் தேசிய கீதம் தொடங்கியதும் ஏரிக்கரை அப்படியே நின்றது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சைக்கிள்காரர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்கள். சுட்ட கணவாய் விற்கிறவள் விசிறியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். புல்தரையில் ஏரோபிக்ஸ் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் தூக்கிய கைகளை இறக்கிவிட்டு அடங்கியது. கோன் கேன் ஊர்க்காரர்கள் வேறு எதற்கும் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த ஒன்றுக்கு ஒத்துப்போவார்கள்.

பிக்குனும் நின்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கால்கள் மட்டும் நிற்கவில்லை. ஓர் அடி ஊன்றியது, அடுத்தது சிமென்டில் இழுபட்டது. மறுபடி ஊன்றியது, மறுபடி இழுபட்டது. எல்லோரும் நின்ற பிறகும் அவை வந்துகொண்டே இருந்தன. கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வந்து, அப்புறம்தான் நின்றன. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் எப்போதும் கேட்டதில்லை.

கீதம் முடிந்து ஏரி மறுபடி கலகலத்தது. பிக்குன் திரும்பிப் பார்க்காமல் ஓடத் தொடங்கினாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அது தம்பி கியத்தின் நடை என்று அவளுக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகு வலது காலை அப்படித்தான் இழுத்து நடந்தான். அவன் செத்தும் இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

பிக்குன் சந்தைக்குப் பின்தெருவில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். ஐந்து மணியானால் கதவை இழுத்துவிட்டு ஏரிக்கு வந்துவிடுவாள். மழை, காய்ச்சல், கல்யாணம், கருமாதி எதுவும் அவளைத் தடுத்ததில்லை. ஏரியை ஒரு முறை ஓடிச் சுற்றினால்தான் அன்றைய பொழுது போகும். ஊர் அவளைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தது. "நாப்பத்தேழு வயசுல என்ன கட்டுப்பாடு பாரு" என்று தன் தொப்பையைத் தடவிக்கொண்டே பாராட்டியது. தினமும் ஓடுகிற ஒருத்தியைப் பார்த்தால் அவள் ஆசைப்பட்டுத்தான் ஓடுகிறாள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முகத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

குங்குக்கு இருந்தது. குங் பகலில் அழகு நிலையம் நடத்துகிற திருநங்கை. மாலையில் பளபளக்கும் பச்சை உடையில் மேடையேறி, காதோடு மைக்கை மாட்டிக்கொண்டு ஊரையே ஆட்டிவைப்பாள். வாய் என்றால் வாய், அப்படியொரு வாய். அன்றும் பிக்குன் புல்தரையைக் கடக்கும்போது ஒலிபெருக்கி அவளைப் பிடித்துக்கொண்டது.

"ஓட்டக்கார அக்கா! அட, உங்களைத்தான்! அது என்ன மூஞ்சி? உடம்புக்கு நல்லதுன்னு ஓடற மூஞ்சியா அது? பின்னாடி யாரோ துரத்தற மாதிரில்ல இருக்கு!"

கூட்டம் சிரித்தது. பிக்குனும் சிரிப்பது போல உதட்டை இழுத்துக் காட்டிவிட்டு ஓடினாள். குங் விளையாட்டாகத்தான் சொன்னாள், பாவம்.

வலது முழங்கால் குத்தியது. குத்தட்டும் என்று ஓடினாள். வலித்தால்தான் சரியாக ஓடியதாக அவளுக்குத் தோன்றும்.

கதை இதுதான். கியத் இருபத்திரண்டு வயதில், வைக்கோல் லாரி ஒன்றின் அடியில் மோட்டார் சைக்கிளோடு போய் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். மருத்துவர்கள் கையை விரித்தார்கள். பிக்குன் நேரே, ஊரைக் காக்கிற சாமியான ஊர்த்தூண் அய்யாவின் கோயிலுக்குப் போனாள். சாம்பிராணிக் குச்சி கொளுத்தினாள். படையலாகச் சிவப்புச் சோடா வைத்தாள். அழுதுகொண்டே வேண்டினாள்.

"அய்யா, என் தம்பி எழுந்து நடந்துட்டான்னா, உங்களுக்காக நான் ஏரியை ஓடிச் சுத்தறேன்."

நேர்த்திக்கடன் வைப்பதில் எங்கள் ஊரில் குழந்தைகூடத் தப்பு செய்யாது. அவித்த முட்டை வைக்கிறேன் என்றால் எத்தனை முட்டை என்று சொல்ல வேண்டும். ஆட்டக்காரிகளைக் கூட்டி வருகிறேன் என்றால் எத்தனை பேர், எத்தனை பாட்டுக்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடனுக்கு முடிவே கிடையாது. இது பிக்குனுக்கும் தெரியும். ஆனால் அன்று அவள் இருந்த இருப்பில் எண்ணிக்கை எங்கே நினைவுக்கு வரும்?

கியத் எழுந்தான். குளிர்காலத்தில் வலது காலை இழுத்துக்கொண்டு வாசல் வரை நடந்தான். பிக்குன் அன்றே ஏரியை ஒரு சுற்று ஓடி, அய்யாவுக்கு மாலை போட்டு, கடன் தீர்ந்தது என்று வந்து படுத்தாள். கியத் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வீதியில் இறங்கி ஆடினான். அவனுக்கு ஆட்டம் என்றால் உயிர். மூங்கில் குழல் வாத்தியம் எங்கே கேட்டாலும் மேடைக்கு முன்னால் முதல் ஆளாக நிற்பான். இப்போது கால் இழுத்ததால் எல்லோரும் குனியும்போது நிமிர்ந்தான், எல்லோரும் நிமிரும்போது குனிந்தான். தெருவே சிரித்தது. எல்லோரையும்விட அவன்தான் அதிகம் சிரித்தான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அடுப்படியில் விழுந்தான். தலைக்குள் பழைய காயம் மறுபடி கசிந்திருக்கிறது என்று அப்புறம் சொன்னார்கள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த அத்தை ஒருத்தி, கிண்டியபடியே சும்மா கேட்டாள்.

"அய்யாவுக்கு நேந்துக்கிட்டியேடி, எத்தனை சுத்துன்னு சொன்னே?"

"எத்தனைன்னு சொல்லலை அத்தை. ஓடிச் சுத்தறேன்னு சொன்னேன். ஒரு சுத்து ஓடிட்டேன்."

அத்தையின் கரண்டி நின்றது. அதுவே போதுமானதாக இருந்தது. எரியூட்டிவிட்டு வந்த மறுநாள் மாலை பிக்குன் ஏரிக்கு ஓடினாள். ஆறு மணிக்கு எல்லோரும் நின்றபோது பின்னால் இழுபடும் காலடியை முதன்முதலாகக் கேட்டாள். வசூலிக்க வந்திருக்கிறான் என்று புரிந்துகொண்டாள். நீ ஓட்டத்தை நிறுத்தியதால்தான் நான் போனேன் அக்கா என்று அந்தக் காலடி சொல்வதாகவே அவளுக்குப் பட்டது.

பிட்சுக்களுக்கு அவன் பேரில் உணவு கொடுத்தாள். தண்ணீர் ஊற்றிப் புண்ணியத்தை அவனுக்கு அனுப்பினாள். காலடி போகவில்லை. மகள் புவா வயிற்றில் இருந்தபோது மட்டும் மருத்துவர் ஓடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதால் நிறுத்தினாள். புவா நாள் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிக்குனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பிரசவத் தையல் பிரிப்பதற்குள் ஏரிக்கு ஓடினாள். ஓட்டத்தை நிறுத்தினால் அடுத்தது புவாதான். இந்தப் பயம் அவள் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. புருஷன் இதையெல்லாம் பார்த்துச் சலித்து, ரயோங் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு என்று போனவன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான்.

குங் மைக்கில் கேலி செய்த அந்த வாரமே முழங்கால் வீங்கியது. தையல் மெஷினின் மிதியை அழுத்த முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஓட்டத்தை விட்டுடுங்கம்மா. இப்படியே போனா அடுத்த வருஷம் மாடிப்படி ஏற மாட்டீங்க."

"விட முடியாது டாக்டர்."

"உடம்பை அசைக்க வேண்டாம்னு சொல்லலை. நடங்க, நீந்துங்க, ஆடுங்க. உங்களுக்கு எது பிடிக்குமோ அதைச் செய்ங்க. எது பிடிக்கும் உங்களுக்கு?"

பிக்குன் யோசித்தாள். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது மட்டும் தோன்றியது.

வீட்டுக்கு வந்து ஓட்டக் காலணியை மாட்டியபோது புவா வாசலை மறித்து நின்றாள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். மாமனைப் போலவே மோட்டார் சைக்கிள் பைத்தியம்.

"டாக்டர் என்ன சொன்னாரு, நீ என்ன பண்றே?"

"வழியை விடு. மணியாச்சு."

"எனக்கு அஞ்சு வயசுல காய்ச்சல்ல உடம்பு கொதிச்சப்போ பக்கத்து வீட்டுல போட்டுட்டு ஓடினவதானே நீ. என்னைவிட உனக்கு அந்த ஏரிதான் பெருசு!"

உனக்காகத்தான்டி ஓடினேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அவள் தலையிலும் அந்தப் பயம் ஏறிவிடுமே. பிக்குன் மகளை ஒதுக்கிவிட்டுப் போனாள். அன்று நொண்டி நொண்டித்தான் சுற்றி முடித்தாள். பின்னால் வந்ததும் நொண்டியது. முன்னாலும் நொண்டி, பின்னாலும் நொண்டி. யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் அய்யாவிடமே கேட்டுவிடுவது என்று கோயிலுக்குப் போனாள். மாலை விற்கிற வான்டீ அவளுக்கு வெகுநாள் பழக்கம். முழு விஷயத்தையும் கேட்டுவிட்டு வான்டீ கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! எண்ணிக்கை சொல்லாமயா நேந்துக்கிட்டே? இத்தனை வருஷம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, கட்டையைப் போட்டுக் கேளு."

சிவப்பு மரக்கட்டைகள் இரண்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். ஒன்று தட்டையும் ஒன்று உப்பலுமாக விழுந்தால் ஆமாம். இரண்டிலும் உப்பல் பக்கம் மேலே தெரிய விழுந்தால் இல்லை. பிக்குன் முழங்கால் வலியோடு மண்டியிட்டு, கட்டைகளை நெற்றியில் வைத்து, "அய்யா, இன்னும் நான் ஓடணுமா?" என்று கேட்டுப் போட்டாள்.

இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்து தரையில் ஆடின.

"சிரிக்கறாரு" என்றாள் வான்டீ. "மறுபடி போடு."

மறுபடியும் சிரித்தார். மூன்றாம் தடவையும் சிரித்தார்.

"கேட்ட கேள்வி சரியில்லைன்னா இப்படித்தான் சிரிப்பாரு, தங்கச்சி. வேற மாதிரி கேட்டுப் பாரு."

வேறு எப்படிக் கேட்பது? பிக்குனுக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தி காலை ஒடித்துக்கொண்டு ஓடுகிறாள், சாமிக்கு அது சிரிப்பாக இருக்கிறதாம். கட்டைகளைத் தட்டில் போட்டுவிட்டு மாலைகூடப் போடாமல் எழுந்து வந்தாள்.

மூன்று நாள் கழித்து எழுந்திருக்கவே முடியவில்லை. முழங்கால் பலாக்காய் போல வீங்கியிருந்தது. ஐந்தரைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மணிக்கே வந்துவிடுவதாகச் சொன்ன புவா இன்னும் வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. மறுபடி கூப்பிட்டாள். அணைந்தே கிடந்தது. வீதியில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் அவள் நெஞ்சு எகிறி விழுந்தது.

தொலைக்காட்சியில் ஆறு மணி கீதம் தொடங்கியது. பிக்குனால் எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தலை குனிந்தாள்.

அப்போது வாசல் சிமென்டில் ஓர் அடி ஊன்றியது. அடுத்தது இழுபட்டது.

ஏரியைவிட்டு அது ஒரு நாளும் வந்ததில்லை. அவள் முன்னால் இருந்த வெறும் வாசலைக் கடந்து, பக்கச் சந்தின் சரளைக்குப் போனது. சரளை நெறுநெறுத்தது. பின்கட்டுச் சாக்கடைமேல் போட்டிருந்த தகரம் டொம் என்றது. அந்தப் பக்கத்துச் சந்து வழியாகத் திரும்பி வாசலுக்கு வந்தது. மறுபடி சரளை, மறுபடி தகரம், மறுபடி வாசல். அவள் ஏரிக்கு வராததால் வீட்டைச் சுற்றுகிறது. கீதம் எப்போதோ முடிந்துவிட்டது, அது நிற்கவில்லை.

"கியத், அவளை விட்டுடுடா" என்று முனகினாள். "என்னைக் கூட்டிட்டுப் போ. அவ சின்னப் பொண்ணுடா."

சுற்று மெதுவானது. இழுபடும் கால் ரொம்ப நேரம் இழுபட்டது. வாசலுக்கு வந்தபோது காலடியோடு வேறொன்றும் கேட்டது. மூச்சு. வாயைத் திறந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. முடியாமல் முடியாமல் வருகிற ஒருவனின் மூச்சு. ஏரியில் தன் மூச்சிரைப்பே காதை அடைத்ததால் அதை அவள் இதுவரை கேட்டதில்லை. பயத்துக்கு நடுவில் அவளுக்குப் பாவமாக இருந்தது. அது ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காலடி சட்டென்று அடங்கியது. புவா ஒரு கையில் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையும் மறு கையில் சுட்ட கோழியுமாக உள்ளே வந்தாள்.

"எங்கடி போனே? போன் என்ன ஆச்சு?"

"டயர் பஞ்சர்மா. போன்ல சார்ஜ் இல்ல. நீ ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்கே? இன்னைக்குத்தான் ஓடவே இல்லியே!"

பிக்குன் மகளை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவ்வளவு நாள் அடக்கியது, அதற்குமேல் அடங்கவில்லை. நேர்த்திக்கடன், அத்தையின் கரண்டி, கண்ணாடிப் பெட்டி, பின்னால் வரும் கால், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். புவா தரையில் உட்கார்ந்து ஒட்டரிசியை உருட்டிக்கொண்டே கேட்டாள். நடுவில் உருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"நான் நாள் நிறையாம பொறந்தது உனக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததாலன்னு நீதானே சொன்னே?"

"அது டாக்டர் சொன்னது."

புவா கோழியைப் பிய்த்து அம்மாவின் தட்டில் வைத்தாள்.

"மாமா நல்லா ஓடுவாராம்மா?"

"யாரு, கியத்தா?" பிக்குனுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எதிர்க்கடைல ஐஸ் வாங்கணும்னாக்கூட வண்டியை உதைப்பான். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துல பாதி வழில உக்காந்து கரும்புச்சாறு குடிச்சவன்டி அவன். வாத்தியார் பிரம்பைத் தூக்கினா, அடிங்க சார், ஆனா ஓடச் சொல்லாதீங்கம்பான்."

"அப்புறம் எதுக்கும்மா அவரு ஓடறாரு?"

"எதுக்குன்னா, நான் ஓடறேன்ல. அதான் அவனும் பின்னாடி..."

பிக்குன் பாதியில் நிறுத்தினாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. எழுந்து நடக்கட்டும் என்று அவனுக்காக நேர்ந்துகொண்ட ஓட்டம். அவன் பேரைச் சொல்லித்தான் தினமும் தொடங்கினாள். அவன் எங்கே போவான்? அவள் பின்னாலேயே, அந்தக் காலோடு, மழையிலும் வெயிலிலும், இருபது வருஷமாக. அவன் துரத்தவே இல்லை. அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். கோயில் தரையில் கட்டைகள் இரண்டும் மல்லாந்து ஆடியது அவள் கண்ணில் வந்தது.

"ஐயோ" என்றாள். "ஐயோ, என் தம்பி. மூச்சு வாங்கிச்சுடி அவனுக்கு."

அடுத்த வாரம் வீக்கம் வற்றியதும் பிக்குன் ஏரிக்குப் போனாள். புரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று யார் சொன்னார்கள்? ஓடுபாதையின் ஓரத்தில் நின்றபோது இரண்டு காலும் அவளைக் கேட்காமலே ஓடப் பார்த்தன. புவா இந்நேரம் வண்டியில் வந்துகொண்டிருப்பாள். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். நான் நினைத்தது தப்பாக இருந்தால்? ஒரே ஒரு சுற்று ஓடிவிட்டால் என்ன? அவள் கண்ணை மூடிக்கொண்டு, பாதையைவிட்டுப் புல்லில் காலை வைத்தாள்.

ஏரோபிக்ஸ் கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டாள். மேடையில் குங் அவளைப் பார்த்தாள். ஆட்டத்தை நிறுத்தாமலே மைக்கில் கத்தினாள்.

"எல்லாரும் பாருங்க! ஓட்டக்கார அக்கா வந்துட்டாங்க! துரத்தினவன் பிடிச்சுட்டானா அக்கா?"

"முட்டி போச்சு, குங். குதிக்கச் சொல்லாதே."

"யாரு குதிக்கச் சொன்னா? முன்வரிசையில இருக்கற ஆயாவுக்கு எழுபது வயசு, அது குதிக்குதா? இடுப்பை ஆட்டுங்க, போதும். இடுப்பு இருக்கில்ல?"

இருந்தது. எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்தது. எல்லோரும் இடது பக்கம் போகும்போது பிக்குன் வலது பக்கம் போய் ஒருத்தியின் மேல் மோதினாள். மன்னிப்புக் கேட்கும் முன் அந்தப் பெண் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள். கைகளைத் தலைக்குமேல் தூக்கியபோது, குனிந்து திரைச்சீலை தைத்தே கூனிப்போன முதுகு மெல்ல விரிந்தது. பிக்குனுக்கு ஆச்சரியமாக இருந்தது. உடம்பு இப்படியெல்லாம்கூட இருக்குமா? வலிக்காத இடமும் அதில் இருக்கிறதா?

ஆறு மணி. கீதம் தொடங்கியது. ஏரிக்கரை நின்றது.

பிக்குன் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். தூரத்தில், ஓடுபாதையின் அந்தக் கோடியில், அது கேட்டது. ஊன்றியது, இழுபட்டது. அசையாமல் நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் அது மட்டும் வந்துகொண்டிருந்தது. அவளைப் பாதையில் தேடியது. வழக்கமாக அவள் நிற்கும் இடத்துக்கு வந்து தயங்கியது. அப்புறம் புல்லில் இறங்கியது. புல்லில் அதன் சத்தம் மாறியது, செருப்பில்லாத கால் போல மெத்தென்று. வரிசைகளுக்கு இடையே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவளுக்கு இடது பக்கத்தில் நின்றது.

பிக்குன் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதன்முறையாகப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மிதிபட்ட புல், அதற்கு அப்பால் ஏரி, ஏரியில் கடைசி வெளிச்சம். பயந்து பயந்து இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்தது இதைத்தானா? ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

அவள் அரை அடி வலது பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இனிமே ஓட வேண்டாம்டா" என்று உதட்டுக்குள் சொன்னாள். "தெரியாமப் பண்ணிட்டேன். ஆடு."

கீதம் முடிந்தது. குங் பாட்டை மாற்றினாள். ஒலிபெருக்கியில் மூங்கில் குழல் வாத்தியம் கூவிக்கொண்டு கிளம்பியது, நம் பக்கத்து வேகப் பாட்டு. கூட்டம் ஹோவென்றது. எல்லோரும் ஒன்றாகக் காலை எடுத்து வைத்தார்கள். எல்லோரும் வைத்து முடித்த பிறகு, பிக்குனின் இடது பக்கத்தில், ஓர் அடி பிந்தி, ஒரு கால் புல்லில் இழுபட்டது. அடுத்த அடிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். பிக்குன் கண்ணீரைத் துடைக்காமல் ஆடினாள். பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்துவிட்டேன், பசிக்கிறது, சீக்கிரம் வா என்று புவா அனுப்பியிருந்தாள்.

அப்போது மேடையில் குங்கின் கை மட்டும் ஆட்டத்தை மறந்து கீழே இறங்கியது. அவள் காதைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"கடைசி வரிசைல யாரு அது, காலை இழுக்கறது? தாளம் தப்புது! அக்கா, உங்க பக்கத்துலதான்!"

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிக்குனைப் பார்த்தார்கள், அவள் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார்கள், யார் என்று தெரியாமல் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்கள். குங் மட்டும் அந்தக் காலி இடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பூசியிருந்த பவுடருக்குக் கீழே முகம் வெளுத்தது.

"என் தம்பி" என்றாள் பிக்குன், மேடைக்குக் கேட்கும்படி சத்தமாக. "இன்னைக்குத்தான் வந்திருக்கான். கால் கொஞ்சம் சரியில்ல. விட்டுடு, குங்."

குங்கின் கை இரண்டும் தானாகவே குவிந்தன. அப்புறம் மைக்கைச் சரிசெய்துகொண்டாள்.

"புதுசா வந்தவங்க பின்னாடி ஒளிஞ்சா எப்படிக் கத்துக்கறது? ரெண்டு பேரும் முன்னாடி வாங்க. ஆயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ரெண்டு பேருக்கு இடம் விடுங்க."

ஆயா முணுமுணுத்துக்கொண்டே தள்ளி நின்றாள். பிக்குன் வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள். பின்னால் வருபவனுக்குக் கால் வலிக்குமே என்று மெதுவாகத்தான் நடந்தாள்.